கிணற்றுக் கயிறு தந்த வலிமை: வீட்டில் செய்யத்தக்க இழுப்புப் பயிற்சிகள்

உழைத்து உண்பவர்க்கு உடலே முதல். நிலமும் தறியும் அதற்கு அடுத்தவையே. தறி பழுதுபட்டால் தச்சரை அழைத்துச் செப்பம் செய்கிறோம். கிணறு தூர்ந்தால் தூர் எடுக்கிறோம். இவற்றுக்குச் சங்கத்தில் கடன் பெறவும் வழி உண்டு. ஆனால் நோயில் கிடந்து எழுந்தவரின் கையில் வலுவில்லை என்றால், அதைக் கடனாகக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் இயலாது. அவரே சிறுகச் சிறுகச் சேர்த்தாக வேண்டும். அவ்வாறு சேர்ப்பதற்குச் செலவு அதிகமில்லாத வழி ஒன்றை உறுப்பினர்களுக்கு இங்கே விளக்க முற்படுகிறோம்.

விருதுநகர் மாவட்டத்து மக்களின் தொழில்கள் பல. அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் நெசவு. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி. கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் உளுந்தும். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும். இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றலாம். எனினும், உழைப்பவர் தம் உடலை வைத்துக்கொள்ளும் முறையில் இவை பெரிதும் ஒத்திருக்கின்றன. குழித்தறியில் அமர்ந்தவர் வலக்கையால் நாடாவின் பிடியை வெட்டியிழுத்து, இடக்கையால் பலகையை அடிக்கிறார். கண்ணும் கழுத்தும் துணியின் மேல் கவிந்திருக்கின்றன. தீக்குச்சி அடுக்குபவர் சட்டத்தின் மேல் குனிந்திருக்கிறார். தாள் குழாய் சுருட்டுபவரும் திரி செருகுபவரும் மடிக்கு முன்னே கைகளை வைத்து நாள் முழுதும் அமர்ந்திருக்கின்றனர். களை எடுப்பவரும் பருத்தி எடுப்பவரும் நிலத்தை நோக்கி வளைந்திருக்கின்றனர். எல்லாருக்கும் வேலை உடலின் முன்புறத்திலேயே நிகழ்கிறது. முதுகோ வளைந்து நீண்டு, தன் பணியை மறந்து கிடக்கிறது.

கிணறு தந்த பயிற்சி

நம் பாட்டன் பாட்டியர் காலத்திலும் தறி இருந்தது, களையெடுப்பும் இருந்தது. ஆனால் அவற்றை ஈடுசெய்யும் வேலை ஒன்றும் அன்றாடம் இருந்தது. அதுவே நீர் இறைத்தல். வயலுக்குக் கமலையில் மாடுகள் இறைத்தன. வீட்டுக்கு வேண்டிய நீரை ஆணும் பெண்ணும் தாம்புக் கயிற்றைப் பிடித்துத் தம் கையால் இறைத்தனர்.

அந்த வேலையின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து லிட்டர் கொள்ளும் வாளியில் நீரின் எடை மட்டும் 10 கிலோ. நீர் மட்டம் 30 அடி ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கை இழுப்புக்கு ஒரு முழக் கயிறு மேலே வரும் என்றால், ஒரு வாளி மேலே வர 20 இழுப்பு வேண்டும். நாளொன்றுக்கு 20 வாளி இறைத்த குடும்பத் தலைவி, 10 கிலோ எடையை 400 முறை இழுத்தவர் ஆகிறார். அதனை அவர் உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை. அது வீட்டு வேலை. ஆனால் தோளையும் முதுகையும் கைப்பிடியையும் முதுமை வரையில் காத்து நின்றது அந்த வேலைதான்.

பின்னர் மின்மோட்டார் வந்தது, ஆழ்குழாய் வந்தது, தெருவுக்கும் வீட்டுக்கும் குடிநீர்க் குழாய் வந்தது. இவை வந்ததில் நமக்குச் சற்றும் வருத்தமில்லை. நீருக்காகப் பெண்கள் பட்ட துயரை அறிந்தவர் எவரும் அக்காலம் திரும்ப வேண்டும் என்று விரும்பார். ஆனால் ஒரு பாரம் நீங்கியபோது அதனோடு சேர்ந்து ஒரு நன்மையும் நீங்கிற்று என்பதை உணர்தல் வேண்டும். பாரத்தை மீண்டும் சுமக்காமல் நன்மையை மட்டும் மீட்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்பதே விடை.

இழுத்து வளர்க்கும் வலிமை நம் நாட்டுக்குப் புதியதன்று. பனையேறுபவர் மரத்தைத் தழுவித் தம் உடலையே கைகளால் மேலே இழுத்துச் செல்கிறார். தென் மாவட்டங்களின் பல ஊர்களில், இளைஞர் தூக்கித் தோளில் ஏற்றிய இளவட்டக்கல் இன்றும் கோயில் முன்றிலிலோ மந்தையிலோ கிடக்கிறது. விழுப்புரத்தில் சிறுவர் சிறுமியர்க்குக் கற்பிக்கப்பெறும் மல்லர் கம்பம் என்னும் கலையில், நட்ட கம்பத்தில் மட்டுமின்றித் தொங்கும் கயிற்றிலும் ஏறிப் பயில்கின்றனர். அவர்களுக்கு எடைக்கல் எதுவும் தேவைப்படுவதில்லை. தம் உடலே எடை, கயிறே கருவி. இம்முறையின் எளிய வடிவமே இங்கு நாம் கூற இருப்பது. ஆனால் நாம் கூறுவது கண்டு வியக்கத்தக்க வித்தைகள் அல்ல. நோயிலிருந்து எழுந்தவரும் அறுபதைக் கடந்தவரும் செய்யத்தக்கவையே.

இழுக்கும் தசைகள்

தள்ளுவதற்கு உதவும் தசைகள் மார்பிலும் தோளின் முன்புறத்திலும் மேற்கையின் பின்புறத்திலும் உள்ளன. தண்டால் எடுத்தால் இவை வளரும். இழுப்பதற்கு உதவுபவை வேறு. அக்குளிலிருந்து இடுப்பு வரை விரிந்துள்ள அகன்ற முதுகுத்தசை, இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையில் உள்ள தசைகள், மேற்கையின் முன்புறத் தசை, முன்கைத் தசைகள், விரல்கள் ஆகியவை ஒன்றுகூடி இழுக்கின்றன.

பாவை இரு முனையிலும் சமமாக இழுத்துக் கட்டினால்தான் துணி நேராக வரும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தோளும் அத்தகையதே. முன்புறத் தசைகள் இறுகிப் பின்புறத் தசைகள் தளர்ந்தால், தோள் முன்னோக்கிச் சரிகிறது, கழுத்து நீள்கிறது. மாலையில் கழுத்தடியிலும் தோள்பட்டையிலும் நோவு தோன்ற இதுவும் ஒரு காரணமாகலாம். தைலம் தேய்த்தால் அந்நேரத்திற்குச் சுகம் உண்டு. ஆனால் தளர்ந்த தசைக்கு வலிமையைத் தருவது உழைப்பு ஒன்றே.

கைப்பிடியின் வலிமை உடல்நலத்தின் அளவுகோல்களுள் ஒன்று என்பதையும் மருத்துவ உலகம் கண்டுள்ளது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2015ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. கைப்பிடியின் வலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு நேரும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருக்கக் கண்டனர். பிடி தளர்வதனாலேயே ஒருவர் இறக்கிறார் என்பது இதன் பொருள் அன்று. உடல் முழுவதும் தளர்வதைப் பிடி முன்கூட்டியே அறிவிக்கிறது என்பதே பொருள்.

படுக்கை பறிப்பதும் பயிற்சி மீட்பதும்

2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழகத்தில் பரவியபோது, மூட்டுகள் முடங்கிப் பல வாரம் வேலைக்குச் செல்ல இயலாதவர் பலர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றில் படுத்து எழுந்தவர்களுள்ளும் பலர், காய்ச்சல் நீங்கிய பின்னரும் ஒரு குடம் நீரைத் தூக்க முடியாமல் தவித்தனர். நோய் போய்விட்டது, வலிமை மட்டும் திரும்பவில்லை. நெய்த முழத்துக்குக் கூலி பெறுபவர்க்கு இது சிறு துன்பம் அன்று. கை தளர்ந்தால் அவ்வாரக் கூலி குறைகிறது. கூலி குறைந்தால் உணவு குறைகிறது. உணவு குறைந்தால் கை மேலும் தளர்கிறது. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

படுக்கை எவ்வளவு விரைவாகத் தசையைக் கரைக்கிறது என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அந்தப் பத்து நாள்களில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்திருந்தது. இது 2007ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி.

இழந்ததை மீட்க முடியுமா? முதுமையிலும் முடியும். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த முதியோர் பத்துப் பேர் எட்டு வாரம் எடைப்பயிற்சி பெற்றனர். அவர்களுள் பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அது கால்களுக்குரிய பயிற்சி எனினும், காலுக்கு ஒரு நியாயமும் கைக்கு வேறொரு நியாயமும் தசைக்கு இல்லை. அளவறிந்து வேலை கொடுத்தால் எவ்வயதிலும் அது பதில் கூறும்.

இதில் ஓர் உண்மையை மனத்திற் கொள்க. முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. இருக்கும் தசையை ஒருங்கே ஏவ நரம்பு பழகுகிறது. தசை தடிப்பது கண்ணுக்குத் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். ஆகையால், கை பருக்கவில்லையே என்று மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுதல் தவறு. உள்ளே கணக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சாய்வே எடை

எடைக்கல் இல்லாமல் எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் எவ்வாறு? சாய்வை மாற்றுவதால் அது கைகூடுகிறது. ஒரு தூணில் துண்டைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, தூணருகே கால் ஊன்றிப் பின்னே சாய்ந்தால், உடல் எடையில் ஒரு பகுதியைக் கால் தாங்குகிறது. ஒரு பகுதியைக் கை தாங்குகிறது. சாயச் சாயக் கையின் பங்கு கூடுகிறது.

இதனைக் கடிகாரத்தின் மணிமுள்ளைக் கொண்டு எளிதில் நினைவிற் கொள்ளலாம். நேராக நிற்பது 12 மணி. தரைக்கு இணையாகக் கிடப்பது 3 மணி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலை விறைப்பாக வைத்துச் சாய்ந்தால், அவர் கைகள் தாங்கும் எடை ஏறக்குறையப் பின்வருமாறு அமையும்:

பன்னிரண்டரை மணிச் சாய்வு: 10 கிலோ
1 மணிச் சாய்வு: 20 கிலோ
2 மணிச் சாய்வு: 35 கிலோ
3 மணிச் சாய்வு: 40 கிலோ
முழுத் தொங்கல்: 60 கிலோ

பன்னிரண்டரை மணிச் சாய்வு நம் பாட்டியின் ஒரு வாளி நீருக்குச் சமம் என்பதைக் காண்க. இவ்வாறு ஒரு வாளியில் தொடங்கி, உடலின் முழு எடை வரையில் செல்ல ஒரே துண்டும் ஒரே கயிறும் போதும். இன்று உடல் சோர்வாக இருந்தால் சற்று நிமிர்ந்து நின்றால் பாரம் குறைந்துவிடும். இத்தகைய வசதி இரும்பு எடைகளில் இல்லை.

ஐந்து படிகள்

முதற்படி, தரைப் பயிற்சி. இது படுக்கையிலிருந்து இப்போதுதான் எழுந்தவர்க்கு உரியது. பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குக. மேற்கைகள் விலாவை ஒட்டித் தரையில் இருக்க, முன்கைகளைச் செங்குத்தாக உயர்த்துக. இப்பொழுது முழங்கைகளால் தரையை அழுத்துக. மார்பு சற்றே உயர்ந்து, தோள்பட்டைகள் ஒன்றையொன்று நெருங்கும். மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெல்லத் தளர்த்துக. அடுத்து, கால் நீட்டி அமர்ந்து, துண்டை உள்ளங்கால்களில் மாட்டி, அதன் முனைகளை வயிற்றை நோக்கி இழுக்க. கால் எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவே பாரம். முதுகை நிமிர்த்தி வைத்தல் முக்கியம்.

இரண்டாம் படி, தூண் இழுப்பு. வீட்டுத் தூணிலோ திண்ணைக் கல்தூணிலோ இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் தடித்த பருத்தித் துண்டைச் சுற்றுக. தூணருகே பாதங்களை ஊன்றிப் பன்னிரண்டரை மணி அளவுக்குப் பின்னே சாய்க. கைகளை முழுதும் நீட்டுக. பின் தோள்பட்டைகளை முதலில் பின்னிழுத்து, அதன்பின் முழங்கைகளை விலாவோரமாகப் பின்னே கொண்டுசென்று, மார்பு தூணை நெருங்கும் வரை இழுக்க. ஒரு கணம் நிறுத்துக. திரும்பும்போது மூன்று எண்ணி மெல்லத் திரும்புக. தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே கோடாக இருக்க வேண்டும். இடுப்பு மட்டும் பின்னே விழலாகாது.

மூன்றாம் படி, அதே இழுப்பை 1 மணிச் சாய்வில் செய்தல். இங்கே கால் வழுக்காதிருத்தல் இன்றியமையாதது. பளிங்குத் தரையிலும் ஈரத் தரையிலும் செய்தல் ஆகாது. வெறுங்காலுடன் சொரசொரப்பான தரையில் நின்று செய்க.

நான்காம் படி, கயிற்று இழுப்பு. இதற்கு மரக்கிளையோ வலிய உத்திரமோ வேண்டும். தொடையளவு பருத்த, பட்டுப்போகாத, கரையான் ஏறாத வேப்பங்கிளை அல்லது புளியங்கிளை தக்கது. முருங்கையைக் கனவிலும் கருத வேண்டா. அது சொல்லாமல் முறியும். கட்டைவிரல் பருமனுள்ள கயிற்றைக் கிளையில் இட்டு, இரு முனைகளிலும் கைப்பிடிக்கு வளையங்கள் முடிந்து, அவை இடுப்பளவு உயரத்தில் தொங்குமாறு விடுக. வளையங்களைப் பற்றிக் கால்களை முன்னே நகர்த்தி, உடலை 2 மணி அளவுக்குச் சாய்த்து இழுக்க. முழங்கால்களை மடக்கிப் பாதத்தை நன்கு ஊன்றினால் பாரம் குறையும். கால்களை நீட்டினால் கூடும். 3 மணிச் சாய்வில் பத்து முறை இழுக்க வல்லவர் நல்ல வலிமை பெற்றவரே. பெரும்பாலோர்க்கு இப்படியோடு நின்றாலும் குறைவில்லை.

ஐந்தாம் படி, தொங்கலும் இறக்கமும். தலைக்கு மேலுள்ள குறுக்குக் குழாயைப் பற்றி, பாதங்கள் தரையைத் தொட்டுப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளப் பத்து எண்ணும் வரை தொங்குக. நாளடைவில் கால்களை உயர்த்தி முழு எடையுடன் தொங்கலாம். அதன்பின், அசையாத முக்காலியில் ஏறி, முகவாய் குழாய்க்கு மேலிருக்கும் நிலையில் பற்றிக்கொண்டு, ஐந்து எண்ணியவாறு மெல்ல இறங்குக. ஏற இயலாதவர்க்கும் இறங்க இயலும். தசை சுருங்கும்போது தூக்குவதைவிட, நீளும்போது தாங்குவது அதிகம். இவ்வாறு இறங்கிப் பழகியவர் ஒருநாள் தம்மையறியாமல் ஏறியும் விடுவர்.

விரல்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமெனில் துவைத்த வேட்டியையும் சேலையையும் கையாலேயே முறுக்கிப் பிழிக. இரு பக்கமும் மாற்றி முறுக்குதல் நலம்.

எத்தனை முறை, எத்தனை நாள்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்தோர் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது. நாம் வாரத்திற்கு மூன்று நாள் என வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் இடைநாளில் தசை தன்னைச் சீர்செய்து கொள்ளும். ஒரு தடவைக்கு எட்டு இழுப்பு; இரண்டு நிமிட ஓய்வு; மீண்டும் எட்டு. தொடக்கத்தில் இரண்டு தடவை போதும், பின்னர் மூன்று. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு இழுப்புச் செய்யலாம் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுக. முக்கி முனகி முடிப்பது வலிமையைச் சேர்ப்பதாகாது. மூன்று தடவையும் பன்னிரண்டு இழுப்பு எளிதாக வரும்போது மட்டும் அடுத்த சாய்வுக்குச் செல்க. இழுக்கும்போது மூச்சை விடுக, திரும்பும்போது உள்ளிழுக்க, எந்நேரமும் மூச்சை அடக்க வேண்டா. அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும்.

நாள், சாய்வு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. சிறுசேமிப்புக் கணக்கில் போட்ட தொகை வளர்வதைக் காண்பது போல, இதுவும் ஊக்கம் தரும்.

மறுநாள் தசையில் தோன்றும் இலேசான நோவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஓரிரு நாளில் அது தணியும். ஆனால் மூட்டில் சுருக்கென்ற வலி, கையில் மரமரப்பு, நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் இவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க. அளவு மீறிச் செய்தபின் தசை வீங்கிச் சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கினால், ஒரு பொழுதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்க.

உணவு

உழைப்பு கேட்பது, உணவு கொடுப்பது. இரண்டில் ஒன்றில்லாமல் தசை வளராது. வளர்ந்தவர் ஒருவர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வகுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 50 கிராம். முதியோர்க்கும் நோயிலிருந்து எழுந்தவர்க்கும் சற்று மிகுதியாகவே வேண்டும். சோறும் இரசமும் மட்டும் உண்பவர்க்கு இவ்வளவு கிட்டுவது அரிது.

ஆனால் நம் காட்டில் விளைவதே நமக்குப் போதும். 100 கிராம் பருப்பிலோ பயறிலோ ஏறத்தாழ 22 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. நிலக்கடலையில் 25 கிராம் வரை உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். காலையில் கம்பங்கூழும் தயிரும், நண்பகலில் கெட்டிப் பருப்பு, மாலையில் ஒரு கைப்பிடி அவித்த கடலை, இயன்றவர்க்கு ஒரு முட்டை என அமைத்துக்கொள்ளலாம். விளைந்த உளுந்தையும் பாசிப்பயற்றையும் முழுதும் விற்றுவிடாமல் வீட்டுக்கென ஒரு மூட்டையை ஒதுக்குவது, உழவர் தம் உடலுக்குச் செலுத்தும் தவணையாகும். சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

காத்திருக்க வேண்டியவர்

அறுவை மருத்துவம் செய்துகொண்டவர், குடலிறக்கம் உள்ளவர், எலும்பு முறிந்தவர், தோள் மூட்டு நழுவியவர், இதய நோயாளர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர், பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆன தாய்மார் ஆகியோர் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே தொடங்குக.

தீக்காயம் பட்டவர்களைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். பட்டாசுத் தொழில் நிகழும் ஊர்களில் இது பிறர் செய்தி அன்று. நம் வீட்டுச் செய்தி. அக்குளிலும் முழங்கையிலும் பட்ட தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி இறுகும் இயல்புடையது. வலிக்கு அஞ்சிக் கையை மடக்கியே வைத்திருந்தால் அது அந்நிலையிலேயே நின்றுவிடும். பின்னர்க் கையை உயர்த்தவும் இயலாது. ஆகவே காயம் ஆறிவரும் காலத்திலேயே இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பில் அசைவுப் பயிற்சிகள் தொடங்கப் பெறல் வேண்டும். தோல் நன்கு ஆறி, கை முழுதும் நீளத் தொடங்கிய பின்னர், அவர் சொற்படி மேற்கூறிய முதற்படிக்கு வரலாம். தாமாகக் கயிற்றில் தொங்கிப் பார்த்தல் கூடாது. புதிய தோல் கிழியும்.

மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவர்களும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், வீடு தேடி வந்து அளிக்கும் இயன்முறை மருத்துவமும் சேர்க்கப்பட்டது. ஊரிலுள்ள சுகாதாரப் பணியாளரிடம் இது பற்றிக் கேட்டறிக.

கருவியைச் சோதித்தல்

வலிமை தேடிப் புறப்பட்டு விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளலாகாது. சன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், மின்விசிறிக் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள் இவை உடல் எடையைத் தாங்கவென்று செய்யப்பட்டவை அல்ல. தொட்டில் கட்டிய வளையம் குழந்தையைத் தாங்கியதால் உங்களையும் தாங்கும் என்று எண்ண வேண்டா. தறியின் மரங்களைப் பற்றித் தொங்குதலும் ஆகாது. தறி அசைந்தால் பாவின் இழுவை கெடும். வெயிலில் கிடந்து இற்ற கயிற்றை விலக்குக. ஒவ்வொரு நாளும் முதலில் பாதி எடையைக் கொடுத்துக் கயிற்றைச் சோதித்து, அதன் பின்னரே முழு எடையையும் அதன் மேல் விடுக.

சங்கம் செய்யக்கூடியது

எல்லார் வீட்டிலும் தூணும் மரமும் இரா. இங்கேதான் கூட்டுறவின் கை வேண்டும். சங்கக் கட்டடத்தின் முன்றிலில் இரண்டு கல்தூண்களைக் காரையிட்டு ஆழ நட்டு, இடுப்பு, மார்பு, தலைக்கு மேல் என மூன்று உயரங்களில் ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய்களைப் பொருத்தினால் போதும். இடுப்பளவுக் குழாயைப் பற்றிச் சாய்ந்து முதியவர் இழுப்பார்; மேற்குழாயில் இளைஞர் ஏறுவார். நூல் வாங்க வருபவரும் துணி ஒப்படைக்க வருபவரும் தம் முறைக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். பெண்களுக்கென ஒரு நேரம் ஒதுக்குதல் வேண்டும். குடம் தூக்கியும் பிள்ளை சுமந்தும் தோள் தளர்ந்தவர்கள் அவர்களே. பட்டாசு ஆலையின் வளாகத்துள் மட்டும் இத்தகைய இரும்புக் குழாயை நாமாக நட்டுக்கொள்ளுதல் ஆகாது. உராய்வும் பொறியும் அங்கே உயிருக்கு ஊறு.

கூட்டுறவு நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே. பெருந்தொகை ஒரே நாளில் கிட்டாது. ஆனால் தவறாமல் செலுத்தும் சிறு தொகை ஒருநாள் பெருந்தொகையாகும். உடலின் கணக்கும் அவ்வாறே நடக்கிறது. ஒரு வாளி நீரின் எடையில் தொடங்குவோம். வாரம் மூன்று நாள், கால் மணி நேரம் என அதனைச் செலுத்தி வருவோம். நோய் வரும் நாளில் அந்தச் சேமிப்பு நம்மைத் தாங்கும். நோய் நீங்கிய நாளில் நம்மை விரைவில் தறிக்கும் வயலுக்கும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.